கண்மலர் சாமி எடுத்த பூ

நான் மூக்குக் கண்ணாடி விற்பவன். திருச்சி பெரிய கடைவீதியில் கடை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற நான், என் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சைக்கிள் ஓட்டுவேன். போட்டால் முகம் எடுப்பாக இல்லை என்று ஓர் எண்ணம். அதன் பலனாக 1958 சித்திரையில் ஒரு காலை, ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் ரோட்டில் மரநிழல் என்று நினைத்து ஒதுங்கினேன். அது நிழல் இல்லை, கியூ. இரண்டு தூக்குச் சட்டி, ஒரு குடை, ஒரு மூட்டை தேங்காய், நான், எல்லோரும் சேர்ந்து உருண்டோம்.

ஆச்சரியம், ஒருவரும் திட்டவில்லை.

"பாவம், ரெண்டு கண்ணும் தெரியலை போல இருக்கு. அவரை முன்னால விடுங்க" என்றாள் ஓர் அம்மாள்.

கண் தெரியாதவன் சைக்கிளில் எப்படி வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆசாமிகள் அந்தக் கியூவுக்கு வரமாட்டார்கள்.

கியூ ஒரு சத்திரத்து வாசலில் போய் முடிந்தது. உள்ளே கண்மலர் சாமி. கண்ணில் விழுந்த பூவைக் கத்தியில்லாமல், ரத்தமில்லாமல் கையாலேயே எடுத்துவிடுவாராம். பஞ்சகச்சம் கட்டியவர் பக்கத்தில் அத்தர் கடை நஜிமுதீன் பாய், அவருக்குப் பின்னால் கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு குடும்பம். மத ஒற்றுமைக்குக் கூட்டம் போட்டால் நாற்காலிதான் வரும். ஏமாற ஒரு கியூ போட்டுப் பாருங்கள், தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறோம்.

ஜெபமாலைக்காரர் சவரிநாதன், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. மனைவி பாக்கியமேரி. இடுப்பில் மூன்று வயது ரோசரி. குழந்தையின் கருமணி இரண்டும் பிறவியிலேயே பால் ஊற்றியது போல வெள்ளை. வெளிச்சம் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பும், அவ்வளவுதான்.

"கண்ணாஸ்பத்திரி டாக்டர் கிளமென்ட் திங்கக்கிழமை ஆபரேஷன்னு சொல்லியிருக்காரு சார்" என்றார் சவரிநாதன். "இன்னும் தள்ளிப்போட்டா இருக்கிறதும் போயிடும்னு பயமுறுத்துறாரு. மூணு வருஷமா மந்திரிக்கிறவங்க வாசல் ஒண்ணு விடாம ஏறி இறங்கியாச்சு. பச்சைப் புள்ளை கண்ணுல கத்தி வைக்க மனசு வரலை."

"சாமி எடுத்தா குழந்தைக்குப் பார்வை வருமா?" என்று கேட்டேன்.

"வரும்னு பேசிக்கிறாங்க சார்."

என் முறை வந்தது. சாமி என் கண்ணைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். காணிக்கை விழுந்ததும் சந்தனத் துணியைக் கண்மேல் போட்டார், முணுமுணுத்தார், வெடுக்கென்று இழுத்தார். உள்ளங்கையில் மிளகு அளவுக்கு வெள்ளையாக ஒரு உருண்டை. எனக்கு இருப்பது வெறும் கிட்டப்பார்வை. அதற்கும் ஒரு பூ இருந்திருக்கிறது. உருண்டையைச் சந்தனத்தில் புரட்டி, சிமிழில் போட்டு மூடிக் கொடுத்தார்.

"ஒரு மண்டலம் திறக்கப்படாது. கண்ணில் கத்தி படப்படாது. பட்டால் பூ மறுபடி பூக்கும்."

அடுத்து ரோசரி. வலது கண்ணில் பூ எடுத்தார். இடது கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

"குழந்தைக்குப் பார்வை வருமா சாமி?" இந்த முறையும் நான்தான் கேட்டேன்.

சாமி கூரையைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் கூரை மங்கலாகத்தான் தெரிந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி கண்ணாடி போடாமல் சுவர்க் காலண்டரைப் படித்துப் பார்த்தேன். ஆசை யாரை விட்டது. தேதியே தெரியவில்லை. சவரிநாதன் ஆபரேஷன் வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டபோதுதான் இது காணிக்கையோடு போகிற விஷயம் இல்லை என்று புரிந்தது.

என் வாடிக்கையாளர் ஆபிதா டீச்சர், பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்துபவர். கடைக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன். என் இடது கண்ணுல ஒரு பூ எடுக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் டீச்சருக்கு அம்மை போட்டு அந்தக் கண் போய்விட்டது. இப்போது இருப்பது கண்ணாடிக் கண். பம்பாயிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவனே நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ரோட்டை அடைத்தது. ரோசரிக்கு முன்னால் டீச்சர் போய் உட்கார்ந்தார்.

"இடது கண்ணுல ஒண்ணுமே தெரியலைங்க சாமி" என்றார். அட்சரம் பிசகாத உண்மை.

தட்டில் காணிக்கை விழுந்தது. சந்தனத் துணி, முணுமுணுப்பு, வெடுக். உள்ளங்கையில் வெள்ளை உருண்டை.

"பழைய பூ, மகளே. ஆழமாக வேர் விட்டிருந்தது."

டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பித்தளைத் தட்டில் 'டிங்' என்று எதையோ வைத்தார். தட்டிலிருந்து ஒரு கண் சாமியை முறைத்துப் பார்த்தது.

"இதுலேர்ந்துதானே எடுத்தீங்க? எந்த இடத்துல வேர் விட்டிருந்துதுன்னு கொஞ்சம் காட்டுங்க."

 சாமி அவசரமாக எழுந்ததில் உருண்டை கீழே விழுந்து ஓடியது. பாக்கியமேரி குனிந்து எடுத்தாள். இதுவரை எல்லாருக்கும் சிமிழில் மூடித்தானே கொடுத்திருக்கிறார், வெறும் கையில் ஒருவர் வாங்கிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நசுக்கினாள், முகர்ந்தாள், புருஷனிடம் நீட்டினாள்.

"என்னங்க, இது மீன் கண்ணுங்க. குழம்புல கொதிச்சா உள்ளேர்ந்து வெள்ளையா உருண்டு வருமே, அதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீன் விற்கிற எந்தக் கடைத்தெருவிலும் உட்காராமல், இந்தச் சாமி ஏன் தேடிப்பிடித்து ஸ்ரீரங்கத்தில் கடை போட்டார்! மீன் கண் வெந்தால் எப்படியிருக்கும் என்று தெரியாத ஊர் இதைவிட வேறு எது?

கூட்டத்தில் ஒரு பெரியவர், அழகியமணவாளன், தூணைப் பிடித்துக்கொண்டார். "எங்காத்துப் பூஜை மாடத்துக் கோயிலாழ்வார்ல, பெருமாள் திருவடியிலன்னா அந்தச் சிமிழைச் சேர்த்திருக்கேன்! நித்யம் துளசி வேற சாத்தறேனே!"

"விடுங்க மாமா, அவரும் ஒரு தடவை மீனா வந்தவர்தானே" என்றேன். அடிக்க வந்தார். நியாயமான கோபம்.

சாமி இந்தச் சந்தடியில் கொல்லைப்புறமாக நழுவி, காவேரியில் குதிக்கப் போனார். சித்திரை மாதக் காவேரி. தண்ணீரா இருக்கும்? மணலில் விழுந்து எழுந்து, காவியைத் தொடைக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். எதிரே சிந்தாமணிக் கரையில் போலீஸ்காரர் ஒருவர் வரவேற்றார்.

சவரிநாதன் மட்டும் ஓட்டத்தை வேடிக்கை பார்க்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபிதா டீச்சர் முன்னால் நின்றார். "டாக்டர் இனிமே சேர்த்துக்குவாரா டீச்சர்? வேண்டாம்னு சொல்லிட்டேனே."

"வாங்க, போய்க் கேப்போம்" என்றார் டீச்சர். கண்ணை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கிளமென்ட் டாக்டர் முகத்தைச் சுளித்தார், ஆனால் சேர்த்துக்கொண்டார். முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொன்று. கட்டுகள் பிரிந்தபின் சோடாபாட்டில் அடி மாதிரி ஒரு கண்ணாடி செய்து, பின்னால் நாடா தைத்து, நானே கொண்டுபோய் மாட்டினேன். ரோசரி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு திடீரென்று அழுகை நின்றது. கையை நீட்டி அம்மாவின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள். பாக்கியமேரி வலியில் கத்தவில்லை, இன்னொரு காதையும் காட்டினாள். என் மூக்கில் ஏனோ நீர் வந்தது. ஆஸ்பத்திரி மருந்து நெடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வாரம் சமயபுரத்துப் பக்கம் வேறொரு சாமி பல்லில் புழு எடுக்கிறார் என்று கூட்டம் அம்முகிறதாம். கேள்விப்பட்டேன்.

டாக்டரை வராந்தாவில் மடக்கினேன். "குழந்தைக்குப் பார்வை வருமா டாக்டர்?"

அவர் கூரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"வரும், பாதி. தனியா நடப்பா, ஆளை அடையாளம் கண்டுக்குவா, பெரிய எழுத்துப் படிப்பா. உங்களை மாதிரி, என்னை மாதிரி எந்தக் காலத்திலேயும் பார்க்க மாட்டா. பிறந்த புதுசுல பார்த்துப் பழகவேண்டிய கண்ணு, மூணு வருஷம் மந்திரிக்கிறவன் வாசல்ல சும்மா கிடந்துடுச்சு. நாளைக்கே இன்னொருத்தன் வருவான், முழுசாத் தரேம்பான். நான் அப்பவும் பாதின்னுதான் சொல்வேன். யார்கிட்ட வர்றதுன்னு யோசிக்கிறது உங்க வேலை."