தொடாதண்ணன் காட்டிய கப்பல்

இந்தப் பூமியில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிற ஆள் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் செலியமேட்டில் இருக்கிறார். சொந்தப் பேர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் தொடாதண்ணன்.

கடலுக்கடியில் பழைய கப்பல் ஒன்று உடைந்து கிடக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம். கண்ணால் பார்க்கலாம், ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது. முங்கிப் பார்க்க வருகிறவர்கள் வழி தவறாமலிருக்க அதைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒன்பது நம்பர் பலகை வைத்திருக்கிறார்கள். கயிற்றோடு போனால் ஒன்றாம் நம்பரில் நங்கூரம், நாலில் பீரங்கி, ஒன்பதில் சுக்கான். பலகையில் படிகிற பாசியைச் சுரண்டுவதும், வருகிறவர்களைக் கூட்டிப்போவதும் அண்ணன் வேலை. நீச்சல் தெரியாதவர்களுக்குக் கரையிலுள்ள ஆபீசில் ஒரு கண்ணாடி உண்டு. தலையில் மாட்டினால் அதே ஒன்பது நம்பரும் கண்முன்னால் விரியும். மாட்டிவிடுகிற வேலை எனக்கு. கரும்பும் நெல்லும் விளைகிற ஊரிலிருந்து நாங்கள் இரண்டு பேர் ஒரே பைக்கில் கப்பல் வேலைக்குப் போனோம்.

தண்ணிக்குள் வாயைத் திறக்க முடியாதல்லவா? அந்த ஏக்கத்தையெல்லாம் அண்ணன் கரையில் தீர்த்துக்கொள்வார். கல்யாண வீட்டில் பாயச அண்டாவை எவனாவது திறந்தால் போதும். "ஏய், தொடாத! கண்ணால மட்டும் பாரு!" ஒருநாள் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டார். "தொடாம எப்புடிண்ணே வெட்டறது?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார்.

இப்படிப்பட்டவர் திடீரென்று தன் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டினார். வாசலிலிருந்து அடுப்பங்கரை, அங்கிருந்து பாத்ரூம், அப்புறம் கட்டில். நடுநடுவே நம்பர் பலகை வேறு. ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. நானும் சும்மா இருக்காமல், "இன்னாண்ணே, திருடன் வழி தப்பிடுவான்னு பயமா?" என்றேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. "உங்க அண்ணிக்குக் கண்ணு போய்க்கினு இருக்குதுடா. சக்கர வியாதி. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. கீழ தண்ணி கலங்கிட்டா நாங்க கயித்தப் புடிச்சிக்கினுதான வெளிய வரோம். அவளும் வரட்டும்."

விரலால் தடவினால் தெரிகிற மாதிரி ஒவ்வொரு நம்பரையும் உளியால் செதுக்கியிருந்தார். என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

அண்ணிக்கு ஒரே ஒரு ஆசை. அந்தக் கப்பலைச் 'சக்களத்தி' என்றுதான் சொல்லுவாள். "இருவது வருசமா அவளப் பாக்க ஓடற. கண்ணு இருக்கும்போதே ஒருதரம் எனக்குக் காட்டுய்யா." காலில் ஆறாத புண், பைக்கில் ஏற முடியாது. கண்ணாடியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போக அண்ணன் எழுதிக்கொடுத்தார். ஆபீசரும் சரி என்றார்.

அந்த வாரம்தான் அந்தக் கூத்து நடந்தது. முங்கிப் பார்க்க வந்த ஒருத்தர் எடுத்த படத்தில், நங்கூரத்தின் வளையத்தில் மஞ்சள் துணி ஒன்று தெரிந்தது. வேண்டிக்கொண்டு காசு முடிந்த துணி. ஆபீசர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, "யாருய்யா கட்டினது?" என்று கத்தினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணன் கையைத் தூக்கினார்.

"நான்தான் சார். தொட்டுட்டேன்."

"உனக்குமா சட்டம் தெரியாது?"

"தெரியும் சார். எல்லாக் கோயில்லயும் முடிஞ்சிட்டேன். இத்தினி காலம் தண்ணிக்குள்ள கெட்டுப்போவாம கெடக்குதே, இதுக்குன்னு ஒரு சாமி இருக்கும்னு நெனச்சேன்."

வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கண்ணாடியும் கிடையாது என்றார்கள். மூன்று மாதம் நான் ஆபீசர் பின்னாலேயே நாயாக அலைந்து, கடைசியில் அவர் மனசு இளகக் கண்ணாடியை வாங்கிவந்தபோது, அண்ணிக்கு வெளிச்சம் இருட்டு வித்தியாசம்கூடத் தெரியாமல் போயிருந்தது.

"பரவால்ல, மாட்டு தம்பி" என்றாள். மாட்டிவிட்டேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து, தானும் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒண்ணாம் நம்பரு நங்கூரம். அப்புடியே எடது பக்கம் திரும்பு. நாலாவது பீரங்கி. உள்ள ஒரு மீனு குடும்பம் நடத்துது, தெரியுதா?"

"தெரியுதுய்யா. குட்டி போட்டுருக்குது."

"முட்டதான்டி போடும்!" மூன்று மாதத்துக்கப்புறம் அண்ணன் அன்றைக்குத்தான் சிரித்தார்.

அப்போதுதான் கவனித்தேன். கண்ணாடியின் ஓரத்தில் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. வருஷக்கணக்காக ஊருக்கெல்லாம் மாட்டிவிட்ட மகானுபாவன் நான், பதற்றத்தில் சுவிட்சையே போடவில்லை. கையை நீட்டினேன். அப்புறம் மடக்கிக்கொண்டேன்.

"எல்லாம் தெரியுது, உன்னத்தான் காணோம். எங்கய்யா இருக்க?" என்றாள் அண்ணி.

"பின்னாலயேதான் வரேன், நீ போ."

ஒன்பதாம் நம்பர்வரை இரண்டு பேரும் போனார்கள். நான் சுவரோரம் நின்று, சத்தம் வராமல் அழுதேன். சுவிட்ச் விஷயத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணே, நீ பத்திரிகை படிக்கிற ஆளில்லை என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். யாராவது படித்துக் காட்டினால், அண்ணிக்குக் கேட்காத தூரத்துக்குப் போய்க் கேள்.