ஏழாவது கன்னிக்கு ஒரு 'ம்'

'ம்' என்ற ஓர் எழுத்தை நம்பி இலக்கியம் செய்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் வேலை பார்த்தார். எங்களுக்கு அவர் 'உம்' அண்ணன்.

புதுவாயலில் நாங்கள் ஒரே அறையில் குடியிருந்தோம். பழவேற்காட்டுப் பக்கத்து நாட்டுப்புறக் கதைகளை எடுத்துச் சிறுகதையாக்குவார். கதை சொன்னால் கேட்பவர் 'ம்' கொட்டுவது ஊர் வழக்கம்தானே. இவருக்கோ எழுதுவதற்கே அது வேண்டும். ஒரு வாக்கியம் எழுதி உரக்கப் படிப்பார். 'ம்' வந்தால்தான் பேனா நகரும்.

ஷிஃப்ட் முடிந்து வந்து நாஷ்டாவுக்கு உட்கார்ந்தால் போச்சு. "கொட்டு நைனா, கத நிக்குதில்ல!" வாய் நிறைய இட்லியோடு எத்தனை 'ம்' கொட்டியிருப்பேன்! ஒருமுறை நான் ஊருக்குப் போனபோது, தமிழே தெரியாத பீகார் ஃபிட்டரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அவர் எல்லாவற்றுக்கும் "ஹாங், ஹாங்" என்று உற்சாகப்படுத்த, அந்தக் கதையில் பேய்க்கு மூன்று கல்யாணம் நடந்துவிட்டது.

அண்ணன் உயிரையே வைத்திருந்தது ஏழு கன்னிமார் கதையில். ஏரியில் குளிக்க வந்த கடைசிக் கன்னியின் புடவையை ஒருவன் ஒளித்துவைக்க, அவள் வானத்துக்குத் திரும்ப முடியாமல் போகும் பழைய கதை அது. இவர் எழுதியதில் கன்னிகள் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறார்கள். கான்ட்ராக்டர் ஒளிப்பது கடைசிப் பெண்ணின் கேட் பாஸை. அக்காக்கள் வெளியே போய்விட, அவள் மட்டும் உள்ளே நிற்கிறாள். அந்த இடத்தில் ஒருநாள், "இன்னாடா, ஊமையாயிட்டியா?" என்று என்மேல் பாய்ந்தார். நான் 'ம்' கொட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மில் சத்தம் அவர் காதைத் தின்றிருந்தது. தலையாட்டிப் பார்த்தேன். "தூங்கறவன் கூடத்தான் ஆட்டுவான்" என்றார். முதுகில் தட்டினேன், "இன்னா?" என்று திரும்பியவர் கதையை விட்டுவிட்டார். தெருவே கேட்கக் கத்தினேன். பக்கத்து அறைக்காரர் சண்டைக்கு வந்ததுதான் மிச்சம்.

காது போனவருக்கு மில்லில் என்ன வேலை? பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பெட்டியோடு பஸ் ஏறும்போது அழுதார். "அந்தப் பொண்ணு உள்ளியே நின்னுக்கினு கீதுடா. நா எப்டி அத்த வெளிய இட்னு வர்றது?"

கதையை முடிக்காமலே போன மாதம் கண்ணை மூடிவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். வாய்விட்டு ஒரே ஒரு 'ம்' கொட்டுங்கள். அவர் காதில் விழாது, தெரியும். இருந்தாலும் கொட்டுங்கள், அந்தப் பெண் இன்னும் உள்ளேயே நிற்கிறாள்.