கரடி கேட்டு வாங்கிய மின்தடை

ஒரு காட்டில் சடையன் என்றொரு கரடி எலக்ட்ரிக் கிட்டார் வாசித்துப் பிழைத்தது. வாசிப்பு சுமார்தான். ஆனால் அந்தக் காட்டில் வேறு யாருக்கும் கிட்டார் பிடிக்கவே தெரியாது என்பதால் அதுதான் வித்வான்.

கிட்டார் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் பெட்டியை அதுவே பற்றவைத்துச் செய்திருந்தது. அதன் கால் ஸ்விட்சை மிதித்தால் கிட்டார் சத்தம் கூடும். கூடவே ‘டப்’ என்று ஒரு வெடியும் கிளம்பும். போன கச்சேரியில் அந்த டப்பைக் கேட்ட சிங்கராஜா, வேட்டைக்காரன் சுட்டுவிட்டான் என்று நினைத்து, குடிமக்கள் எல்லோரும் பார்க்க ராணியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மானம் கப்பலேறிவிட்டது.

“என் பொறந்தநாள் கச்சேரியில இன்னொரு டப் கேட்டுச்சு, அன்னிக்கு விருந்தே நீதான்,” என்றது சிங்கம்.

டப்பை நிறுத்த வழி தேடிக் கரடி உதிரிபாகக் கடைக்கு ஓடியது. கடைக்கார நரி எடுத்துப்போட்ட கெபாசிட்டர்களில், தன் ரோமத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ஒரு கறுப்பைத் தேர்ந்தெடுத்து மாட்டியது. டப் இன்னும் கணீரென்று கேட்டது.

கடைசியில் கிளியிடம் போனது. பாலிடெக்னிக் ஜன்னலோர மரத்தில் வளர்ந்த கிளி அது. செத்தாலும் ஆங்கிலச் சொல் பேசாது.

“மின்தேக்கியில் தேங்கிய மின்னூட்டம் வடிய வழியில்லை. பத்து லட்சம் ஓம் மின்தடை ஒன்று போடு. சத்தம் ஓடிவிடும்,” என்றது கிளி.

முதல் பாதி கரடிக்கு விளங்கவில்லை. மற்றது நன்றாகவே விளங்கியது. ஓம் என்பது கோயிலில் சொல்வது. மின்தடை என்பது பராமரிப்புப் பணி காரணமாக மாதாமாதம் வருவது. உடனே ‘ஓம், ஓம்’ என்று எண்ணிக்கொண்டே கரண்ட் ஆபீஸ் யானையைப் பார்க்கப் போனது.

“அண்ணே, ஒரு மின்தடை வேணும். ஓம், ஓம்.”

“என் சர்வீஸ்லயே இதைக் கேட்டு வாங்க வந்த மொத ஆள் நீதான் தம்பி. நாங்க கேக்காமலே குடுக்கறவங்க. எப்ப வேணும்?”

“ராஜா பொறந்தநாள் கச்சேரியில, நான் ஸ்விட்சை மிதிக்கறப்போ. ஓம்.”

யானைக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறந்தநாளும் வந்தது. இருட்டத் தொடங்கியதும் கச்சேரி. சிங்கம் முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்விட்சை மிதித்தது. யானை ஃபியூஸைப் பிடுங்கியது.

டப் இல்லை. கிட்டாரும் இல்லை. விளக்கும் இல்லை. பாக்கி ஓம்களைச் சொல்லி முடிக்கும் கரடியின் நடுங்கும் குரல் மட்டும் கேட்டது. இனி தான் பயந்தாலும் யார் கண்ணிலும் படாது என்று தெரிந்ததும் சிங்கத்துக்கு அப்படியொரு நிம்மதி. அங்கேயே காலை நீட்டிக் குறட்டை விட்டது. விழித்ததும், “இதுதான்யா சங்கீதம்!” என்று மாலை போட்டுக் கரடியை ஆஸ்தான வித்வான் ஆக்கிவிட்டது.

மறுநாள் கிளி பறந்து வந்து, வண்ணக் கோடு போட்ட நெல்மணி அளவு ரெசிஸ்டர் ஒன்றைக் கரடியின் முன்னால் வைத்தது.

“அட மடையா, மின்தடை என்று நான் சொன்னது இதை! இதைப் போட்டால் டப் மட்டும்தான் போகும். உன் வாசிப்பு துல்லியமாகக் கேட்கும்.”

கரடி தன் வாசிப்பைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தது. கழுத்து மாலையைத் தடவிக்கொண்டது. பிறகு அந்த மின்தடையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தது.

நீதி: சத்தம் போக வேண்டுமா, மின்தடையைப் பெட்டிக்குள் போடு. பேர் வாங்க வேண்டுமா, ஊருக்கே போடு.