வாறுகால் தண்ணீரும் ஒரு சைவ அத்தையும்

பொய் சொல்லத் தெரியாதவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அப்படியே போனாலும், பஸ்ஸில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாவது வாயைத் திறக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச மாதங்கள்தான் ஆகியிருந்தன. நுண்ணுயிரியல் படித்துவிட்டு (அம்மா சொந்தபந்தத்தில் இதை "டாக்டருக்கு அடுத்த படிப்பு" என்று சொல்லி வைத்திருந்தாள்) கொரோனாவைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்றில் தற்காலிக வேலை. வீட்டில் "லேப்பில் வேலை" என்றேன். லேப் இருந்தது மதுரையில். அந்த லேப்புக்குச் சரக்கு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. சரக்கு என்பது சிவகாசி, திருத்தங்கல் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர். சாக்கடையை நாங்கள் வாறுகால் என்போம். பெயர் கொஞ்சம் லட்சணமாக இருக்கும். நாற்றம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

விஷயம் இதுதான். கொரோனா வந்தவர்களின் கழிவிலும் அந்தக் கிருமியின் தடயம் வெளியேறும். இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாதவர்களிடமிருந்தும்கூட. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடலாம், கழிப்பறைக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஆகவே வாறுகால் தண்ணீரைச் சோதித்தால், ஊருக்குள் தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று முன்கூட்டியே ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

அதுவும் அப்போது தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனிகளில் ஆர்டர் குவிந்து கிடந்தது. காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் தன் வேலையும் போகும், பக்கத்தில் நிற்பவர் வேலையும் போகும் என்று பயந்து யாரும் டெஸ்டுக்கு வரவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரில் பொய் சொல்லாமல் இருந்தது வாறுகால் ஒன்றுதான்.

அன்று காலை திருத்தங்கலில் கடைசி பாட்டிலை நிரப்பி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி நிமிர்ந்தபோது எங்கள் ஜீப் படுத்துவிட்டது. மதுரை லேப்பில் இருந்த மேடத்துக்குப் போன் போட்டேன்.

"கோமதி, எப்படியாவது மத்தியானத்துக்குள்ள வந்திரு. போன தடவை ஐஸ் உருகி சாம்பிள் வீணாப் போச்சு. இதுவும் போச்சுன்னா ஊர்ல என்ன நடக்குதுன்னே நமக்குத் தெரியாது. தீபாவளிக் கூட்டம் வேற வரப் போகுது. அப்புறம், வழியில யார்கிட்டயும் இன்னதுன்னு சொல்லிப் பீதியைக் கிளப்பிராதே."

நான் சும்மாவே பரபரப்புக்காரி. பால் பொங்குவதற்குள் அடுப்படிக்கும் வாசலுக்கும் பல நடை நடந்துவிடுகிற ஜாதி. என்னிடம் போய் ஐஸ் உருகுகிறது என்று சொன்னால்? சிவகாசியிலிருந்து வந்த மதுரை பஸ்ஸில் பெட்டியோடு பாய்ந்து ஏறினேன். மடியில் பெட்டி. பெட்டிக்குக் கீழே கால் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் வந்தார். "ஏம்மா, பெட்டில என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு டேப்பு ஒட்டியிருக்கீக? பட்டாசா? பஸ்ல பட்டாசு ஏத்தக் கூடாது, தெரியும்ல?"

"சத்தியமா பட்டாசு இல்லண்ணே."

"அப்பத் தொறந்து காட்டுங்க."

திறந்தால் குளிர்ச்சி போய்விடும். ஐஸ் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கலாம்? ஐஸ்கிரீம் என்று சொல்லியிருக்கலாம். தடுப்பூசி என்று சொல்லியிருந்தால் மரியாதையாக ஜன்னலோரத்து சீட்டே கிடைத்திருக்கும். எம்.எஸ்.சி. படித்த என் மூளை தேடிக் கண்டுபிடித்த வார்த்தை வேறு.

"மீன்!" என்றேன்.

பக்கத்து சீட்டில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனைக்குட்டத்துக் கெண்டையா தாயி? அணையில தண்ணி கெடக்குன்னு சொன்னாக."

"ஆமா."

"உசுரோட இருக்கா?"

"சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்." (கேட்ட கேள்விக்கு விஞ்ஞானபூர்வமாகப் பதில் சொல்லிவிடுவது என் வியாதி.)

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. "ஏட்டி கோமு!"

சங்கரி அத்தை. அப்பாவின் அக்கா. நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம்தான். ஆனால் அத்தையின் சைவம் தனி. பஸ் மீன் மார்க்கெட் வழியாகப் போய்விட்டது என்பதற்காக வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தவள். சிவகாசியில் மகள் வீட்டில் இருந்துவிட்டு விருதுநகர் திரும்பிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகக் கடந்து வந்தாள்.

"நம்ம வீட்டுப் பிள்ளை கையில மீனா? மதுரையில எவன்டி அது?"

"எவன் அத்தை?"

"நீ திங்க மாட்ட. உங்கப்பன் திங்க மாட்டான். அப்ப இம்புட்டு மீனும் எவன் திங்கதுக்கு?"

துப்பறிவதில் அத்தையிடம் போலீசே தோற்றுப்போகும். துண்டுப் பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "பையன் என்ன வேலை பார்க்கான் தாயி?" என்று அன்பாக விசாரித்தார். கண்டக்டர் முகம்கூடத் தெளிந்துவிட்டது. "லவ்வு மேட்டரா? பட்டாசு இல்லைன்னாச் சரி, டிக்கெட்ட எடுங்க" என்றார். அத்தை இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"உங்கப்பனுக்குப் போடுதேன். வந்து பார்க்கட்டும், மக லேப்புல பார்க்க வேலைய."

"போடாதீக அத்தை! மீனு இல்ல! வாறுகால் தண்ணி!"

கத்தித்தான் சொன்னேன். அதுவரை அலறிக்கொண்டிருந்த பாட்டை டிரைவர் சரியாக அந்த நொடியில் நிறுத்தித் தொலைத்தார். பஸ் முழுக்கக் கேட்டது.

அத்தை பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போனைத் திரும்ப இடுப்பில் செருகினாள்.

"இதுக்கு மீனே தேவலையேட்டி" என்றாள்.

வேறு வழியில்லாமல் விளக்கினேன். கொரோனா என்ற சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது. தாடைக்குக் கீழே தொட்டில் கட்டியிருந்த மாஸ்க்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூக்குக்கு ஏறின.

"அப்ப அதுக்குள்ள கொரோனா இருக்கா?" துண்டுப் பெரியவரின் குரலில் பழைய அன்பு இல்லை.

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே கொண்டு போறேன்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பஸ்ஸின் பாதிக் கூட்டம் முன்பக்கம் போய் டிரைவர் மேல் விழுந்தது. மூடி இறுக்கமாக இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆமத்தூருக்குப் பக்கத்தில் பஸ் ஓரமாக நின்றது. பெட்டியோடு இறங்கச் சொன்னார்கள்.

இனி அத்தை என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன். அவளோ படிக்கட்டில் நின்றுகொண்டு கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"டிக்கெட்டு எடுத்த பொம்பளப் பிள்ளைய நடுரோட்டுல எறக்கி விடுதீகளே, நல்லாயிருப்பீகளா? உங்க வீட்டு வாறுகால்ல என்ன பன்னீரா ஓடுது?"

பஸ் போய்விட்டது. அத்தையும் இறங்கியிருந்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ரோட்டுக்கும் மரத்துக்குமாக நடந்தேன். வாட்சைப் பார்த்தேன். பெட்டியில் கை வைத்துப் பார்த்தேன். டேப்பைக் கிழித்து எட்டிப் பார்த்தால் ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகியிருந்தது. "மூடுட்டி! நீ பார்த்துப் பார்த்தே உருக்கிருவ போல" என்று அத்தை அதட்டினாள். கொஞ்சம் தள்ளி ஒரு நன்னாரி சர்பத் வண்டி நின்றது. இருவரும் போனோம்.

"ஐஸ் மட்டும் எப்படிம்மா குடுக்க? வெயில் ஏறினா நான் யாவாரம் பார்க்கணும்ல?" என்ற கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார். "உள்ள என்ன இருக்கு?"

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும் என்று திருந்தியிருந்தேன். அத்தையின் முழங்கை என் விலாவில் இறங்கியது.

"மீனுய்யா. கெட்டுப் போயிரும்" என்றாள் அத்தை.

கடைக்காரர் அவள் நெற்றியைப் பார்த்தார். "மீனா ஆச்சி?"

"ஆமா. கெண்டை."

ஐஸ் கிடைத்தது. பெட்டியை நிரப்பிய பிறகு, அத்தை மரத்தின் பின்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மதுரைக்குக் காலண்டர் லோடு ஏற்றிப் போன மினி லாரி ஒன்றை அத்தையே கை காட்டி நிறுத்தினாள். என் மடி ஆடுகிறது என்று பெட்டியைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"ஏட்டி, இதை வச்சு யாரு வீட்டுல நோயின்னு கண்டுபிடிச்சிருவாகளோ?"

"முடியாது அத்தை. எல்லா வீட்டுத் தண்ணியும் கலந்துதானே வருது. ஊருக்குள்ள ஏறுதா இறங்குதான்னு மட்டும்தான் தெரியும்."

விருதுநகர் வந்தது. வண்டி நின்றது. அத்தை இறங்கவில்லை. "போப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, ஊர் தாண்டிய பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். விட்டு விட்டு அடிக்குது. செண்பகத்துக்கும் தொண்டை சரியில்லை. வெளிய சொல்லிராதீகன்னு சொல்லித்தான் என்னைய இன்னைக்கு பஸ் ஏத்தி விட்டாக. அவரு போகலைன்னா லோடு நின்னுருமாம்."

செண்பகம் மதினி அத்தையின் மகள். அவள் வீட்டுக்கார அண்ணன் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். அத்தனை பேர் நடுவில் தினமும் போய் நின்றுகொண்டிருக்கிறார். இதற்கெல்லாம் சிரிக்க முடியாது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. பெட்டியில் இருந்த கிருமிக்கு மூடி இருந்தது, டேப் இருந்தது. அதைத்தான் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். நான் என் மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றினேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் ஏற்றிக்கொண்டாள். டிரைவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தன் துண்டை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டார்.

"டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க அத்தை. மறைச்சா அவருக்கும் ஆபத்து, கூட இருக்கவுகளுக்கும் ஆபத்து."

"நான் சொன்னாக் கேப்பாகளா?" என்றவள் திடீரென்று போனை எடுத்தாள்.

"செண்பகம்? மாப்பிள்ளைய இன்னைக்கே டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போ. நீயும் எடு... மறைக்கதுக்கு இனி ஒண்ணுமில்லை. கோமு கண்டுபிடிச்சிட்டா... எப்படியா? வாறுகால்ல கப்ப விட்டு மோந்து பார்த்திருக்கா... ஆமாட்டி, உங்க வீட்டுத் தண்ணிதான்! அங்கன பெரிய ஆபீசருக்கே தெரிஞ்சு போச்சு!"

"அத்தை! அப்படித் தெரியாதுன்னு இப்பத்தானே சொன்னேன்!"

அத்தை போனைக் கையால் பொத்தினாள். "நீ சும்மா இரு. உனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

லேப்பில் மேடம் பெட்டியைத் திறந்து பாட்டில்களைத் தொட்டுப் பார்த்து, "நல்லா ஜில்லுன்னு இருக்கு" என்றார். பிறகு மூக்கைச் சுளித்தார். "ஏன் கோமதி நன்னாரி வாசனை வருது?" அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் தண்ணீரில் கிருமி இருந்தது. முன்பைவிட ஏறியும் இருந்தது. அதற்கப்புறம் கம்பெனி வாசல்களிலேயே டெஸ்ட் முகாம் போட்டார்கள். அண்ணனுக்கும் மதினிக்கும் பாசிட்டிவ். அண்ணன் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தார். அத்தைக்கு லேசாக வந்து போனது. லோடு தாமதமாகப் போனது. தீபாவளி அதன் நாளில்தான் வந்தது.

ஆனால் என் பெயர் போனது போனதுதான். எந்த வீட்டுக் குழாயில் எந்த வியாதி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும் என எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் நம்புகிறார்கள். அத்தை அதை மறுத்ததே இல்லை. கல்யாண வீடுகளில் இருமியவரை நான் திரும்பிப் பார்த்தால் அவர் தானாகவே முன்வந்து, "சும்மா தூசிதாம்மா" என்று வாக்குமூலம் கொடுக்கிறார். சர்க்கரை இருப்பதை வீட்டுக்குத் தெரியாமல் மறைத்து லட்டு தின்கிற சித்தப்பா ஒருவர், நான் ஊருக்கு வரும் நாட்களில் வெளியூர் போய்விடுகிறார்.

சமீபத்தில் செண்பகம் மதினி புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். அண்ணன் ஆசையாக எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். பூஜையறை, அடுப்படி, மாடி, மொட்டை மாடி என்று ஒன்று பாக்கியில்லை. நானும் பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "பாத்ரூம் தண்ணியெல்லாம் எந்தப் பக்கமாப் போகுதுண்ணே?" என்றேன்.

அண்ணன் கொல்லைப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சாப்பிட வாங்க தங்கச்சி" என்றார்.