ஆனைப்பாறையில் கண்ணை மூடியவன்

எங்கள் வீட்டில் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவும் உரிமை எனக்குக் கிடையாது. மாவு ஊற்றலாம், திருப்பிப் போடலாம், கருகிப்போனால் திட்டும் வாங்கிக்கொள்ளலாம். எண்ணெய்க் கிண்ணத்தின் பக்கம் கை போனால் மட்டும் என் மனைவி ஈஸ்வரி பட்டென்று தட்டிவிடுவாள். "வேணாஞ்சாமி. நீங்க எண்ணெய் தடவுனவரைக்கும் போதும்." கல்யாணமான புதிதில் இப்படியொரு தடை இல்லை. என் மாமனாரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பிறகு வந்தது. அவ்வளவு கேவலப்பட்டேன் அன்றைக்கு.

மாமனார் பெயர் ராசாங்கம். கம்பத்துக்குப் பக்கத்திலுள்ள கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் 'பாறை ராசாங்கம்' என்றால்தான் தெரியும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்புக்காரர்களில் அவரும் ஒருவர். ஒரு மழைக்காலத்தில் மேல்தோட்டத்துக்குப் போகிற பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. எல்லா ஜீப்பும் அடிவாரத்தோடு நின்றன. மேலே இருந்த சனங்கள் மூட்டையைத் தலையிலும் நோயாளியைக் கட்டிலிலும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மாமா மட்டும் பாதைக்குப் பக்கத்தில் படுத்துக்கிடந்த ஆனைப்பாறையை ஏற இறங்கப் பார்த்தாராம். "ரோடு போனா என்னலே, பாறை அங்கனதான கெடக்கு" என்று சொல்லிவிட்டு அதன் முதுகிலேயே ஜீப்பை ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை பிரசவம், எத்தனை பாம்புக்கடி! எல்லாம் அந்தப் பாறை வழியாகத்தான் இறங்கி வந்து பிழைத்தன.

"பச்சப்புள்ள தவழுற மாதிரி போகணும் மாப்ளே. ஓடணும்னு நெனச்சா உருண்டுருவோம்" என்பார். இதற்கு ஊர் உலகத்தில் 'ராக் கிராலிங்' என்று பெயர் இருப்பதும், பணக்காரப் பையன்கள் இதைப் பொழுதுபோக்காகச் செய்வதும் அவருக்குக் கடைசிக் காலத்தில்தான் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து ஜீப் கிளப்காரர்கள் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். அவர் வண்டி ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, தாடி வைத்த அவர்கள் தலைவர் சட்டென்று குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். மாமா பதறிப்போய், "ஏலே, எந்திரி தம்பி, காலெல்லாம் கிரீசு" என்றாராம்.

இன்னொருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். காண்ட்ராக்டர் லோகநாதன். அடித்துப்போன அந்த மலைப்பாதையைச் சரிசெய்கிற காண்ட்ராக்ட் அவருடையதுதான். வருஷா வருஷம் ரோடு போட்டார் என்று கேள்வி. (போட்ட ரோட்டைக் கண்ணால் கண்டவர்தான் யாருமில்லை.) ஸ்டாண்டில் மாமாவைப் பார்க்கும்போதெல்லாம், "கிறுக்குப்பய, ஒரு நாளைக்கு உருண்டு சாகப்போறான்" என்று காதில் விழுகிற மாதிரியே சொல்லுவார்.

மாமா உருண்டு சாகவில்லை. வழவழவென்ற தார் ரோட்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஏதோ ஒரு கட்சி ஊர்வலம் போகட்டும் என்று வண்டியை நிறுத்தி வைத்திருந்தபோது செத்துப்போனார். ஊரையெல்லாம் பாறையில் இறக்கிக் காப்பாற்றினவருக்கு நல்ல ரோட்டில் வழி கிடைக்கவில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

செத்தபிறகு ஊருக்கே அவர் மேல் பாசம் பொங்கிவிட்டது. முதலாம் ஆண்டு நினைவு நாளைப் பெரிதாக நடத்துவது என்று முடிவானது. கோயம்புத்தூர் தாடிக்காரரும் ஒரு நல்ல யோசனை சொன்னார். வருஷா வருஷம் அவர்கள் அங்கே வந்து பாறை ஏறுவார்கள். அடிவாரத்தில் 'ராசாங்கம் ஏற்றம்' என்று கல்லிலே போர்டு வைப்பார்கள். நாட்டிலுள்ள ஜீப்புக்காரர்களெல்லாம் அந்தப் பெயரால்தான் அந்தப் பாறையை அறிவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அந்த முதல் நாளில், அவருடைய ஜீப், அவர் குடும்பத்து ஆள் கையால் பாறை ஏற வேண்டும்.

ஈஸ்வரி அவருக்கு ஒரே பிள்ளை. "எங்கப்பாவுக்குச் செலையெல்லாம் வேணாம். அந்தப் பாறையில அவுக பேரு இருந்தாப் போதும்" என்று அன்றைக்கு முழுக்க அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு ஜீப் ஸ்டாண்டு கூட்டத்துக்கு வந்து, "நானே ஓட்டுறேன்" என்றாள். அவளுக்கு ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாமா அவளை ஸ்டீரிங்கில் உட்காரவைத்துப் பாறை ஏற்றியிருக்கிறார்.

கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவோடு வண்டி ஓட்டின பெரியவர்கள், "நீ சும்மா இரு ஆத்தா. கொள்ளி வச்சது மாப்ள. வண்டியையும் மாப்ளதான் ஏத்தணும். பொம்பளப்புள்ள ஏத்துனா ராசாங்கத்துக்கு என்ன மருவாதி?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது.

நான் யார்? கம்பத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். கல்யாணப் பெண்களை "நாடியைக் கொஞ்சம் தூக்கும்மா" என்று சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். ஜீப் ஓட்டத் தெரியும், சமதளத்தில், எதிரே யாரும் வராவிட்டால். பாறை ஏறின அனுபவமும் ஒரு தடவை உண்டு, மாமா பக்கத்தில் உட்கார்ந்து. வளைவுகளில் வண்டி ஆடிய ஆட்டத்தில், அடிவாரத்தில் இறங்கியதுமே ஒரு புதர் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயர் டயராக உட்கார்ந்து எழுந்தார். புஸ்ஸென்று சத்தம் கேட்டது. பாம்பு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வாந்தி எடுத்தேன். பாறை ஏறும்போது கண்ணை மூடினவன், மேலே போய்த்தான் திறந்தேன்.

இந்த லட்சணத்தில் இருப்பவன் கூட்டத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அவளே ஓட்டட்டும்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமாமா, அதுதான முறை" என்றேன். ஈஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கோபத்தை விழுங்கிக்கொண்டு, "சாயங்காலம் வாங்க, எப்படி ஏத்துறதுன்னு சொல்லித்தாரேன்" என்றாள். "ஜீப்புதான, பெரிய ஏரோப்ளேனா?" என்று கேட்டேன். (கேட்ட வாயில் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம் அவள்.)

நினைவு நாளன்று விடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு வாட்டர் சர்வீசுக்குப் போனேன். மாமா போனதிலிருந்து கொட்டகையிலேயே நின்ற வண்டி. டயரெல்லாம் சப்பிப்போய்ப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவர் கடைசியாகப் பாறை ஏறி வந்தபடியே, பாறையைக் கவ்விப் பிடிப்பதற்காகக் காற்றைக் குறைத்த டயரோடு விட்டிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்கு டயருக்கும் கல் மாதிரி காற்றடித்தேன். வண்டியைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அதோடு விட்டேனா? ஆயுத பூசைக்குச் செய்கிற மாதிரியே சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, டயர் கருகருவென்று மின்னுவதற்காக எண்ணெய் வாங்கிப் பட்டை பட்டையாகத் தடவினேன். சர்வீஸ்காரர், "அண்ணே, பாறைக்கா போறீக?" என்று இழுத்தார். "நான் ராசாங்கத்தோட மருமகன்யா" என்றேன். அவர் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடிவாரத்தில் பந்தல், மைக் செட், மதியச் சாப்பாட்டுக்கு அண்டா நிறையச் சாம்பார், கோயம்புத்தூர் ஜீப்புகள், முன்வரிசை நாற்காலியில் வெள்ளை வேட்டியில் காண்ட்ராக்டர் லோகநாதன். நானே பெரிதாக்கி ஃபிரேம் போட்ட மாமாவின் படத்தை ஜீப்பின் முன்னால் கட்டி, ஆளுயர மாலை போட்டார்கள். தாடிக்காரர் மரியாதையாக என்னிடம் வந்து, "டயர் காத்தெல்லாம் பாத்துக்கிட்டீங்களா சார்?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதா தம்பி?" என்று அவர் தோளில் தட்டினேன். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்போதுதான் ஈஸ்வரி பெண்கள் கூட்டத்திலிருந்து டயரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ஏங்க! டயருக்கு என்ன செஞ்சீக? எறங்குங்க!" மைக் செட் சேகர் அதே நேரத்தில், "பாறை கண்ட பகலவனின் அன்பு மருமகன் இதோ புறப்படுகிறார்" என்று அலறினான். அவள் குரல் அதில் அடிபட்டுப் போனது.

ஏறினேன். வண்டி நீளத்துக்குத்தான் ஏறியிருப்பேன். எண்ணெய் தடவிய டயர் வெறும் பாறையில் கிறுகிறுவென்று சுற்றியது. புகை வந்தது. மாலை எழும்பிக் கண்ணாடியை மறைத்தது. 'பச்சப்புள்ள மாதிரி' என்று மாமா சொன்னது மறந்துபோய் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தேன். ஜீப் ஒரு தடவை உதறிவிட்டுப் பின்பக்கமாக வழுக்க ஆரம்பித்தது. சேகர் மைக்கை விடவில்லை. "மருமகன் அவர்கள் தற்போது பின்னோக்கி வருகிறார்கள். பெரியோர்கள் வழிவிட்டு உதவுமாறு..." பெரியோர்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். ஜீப் பந்தல் காலைச் சாய்த்து, சாம்பார் அண்டாவில் போய் மோதி நின்றது. மாமாவின் படம் கண்ணாடி உடைந்து சாம்பாருக்குள் குப்புறக் கிடந்தது. ஆள் யாருக்கும் அடியில்லை. அடிபட்டது வண்டியின் பின் அச்சு ஒன்றுதான்.

ஈஸ்வரி என்னைப் பார்க்கவேயில்லை. படத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு, "குடுங்க சாவிய, நான் ஏத்துறேன்" என்றாள். அதற்குள் லோகநாதன் எழுந்து வந்துவிட்டார். "தள்ளிக்க ஆத்தா. மாப்ளே, எறங்குங்க, இது படம் புடிக்கிற வேலை இல்ல." அவருடைய டிரைவர் டயரில் மண்ணைப் போட்டுத் தேய்த்தான், காற்றை இறக்கினான். கிளப்காரர்களின் இரும்புக் கயிறு மேலேயிருந்து இழுத்தது. வண்டி ஏறியது. உச்சிக்குப் போனதும் டிரைவரை இறக்கிவிட்டு லோகநாதன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "மாப்ளே, ஒரு படம் எடுங்க!" கேமராவோடு பின்னாலேயே நடந்து ஏறியிருந்த நான் எடுத்தேன். (எடுத்தேனே, பாவி.) ஈஸ்வரிக்காக வாயைத் திறக்காத பெரியவர்களெல்லாம் அவருக்குக் கைதட்டினார்கள். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்தவர் அவர்தானே. குடும்பத்து ஆள் ஏற்றாததால் நிபந்தனை போச்சு, ஏற்றினவர் பெயரே இருக்கட்டும் என்று அவர்களே தீர்ப்பும் சொன்னார்கள். கல்லில் போர்டு வந்தது: 'லோகநாதன் ஏற்றம்'. ரோடு போடாமல் தின்றவனின் பெயர், ரோடில்லாமல் ஊரைக் காப்பாற்றினவரின் பாறையில். அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவருக்கு ஃபிரேம் போட்டுக் கொடுத்ததும் என் ஸ்டூடியோதான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் மனுசன். ஈஸ்வரி விடவில்லை. தாடிக்காரருக்குப் போன் போட்டு நியாயம் கேட்டாள். அவர் சங்கடப்பட்டுக்கொண்டே, "அக்கா, அப்பா ஜீப்புல நீங்க ஏறுற மாதிரி ஒரே ஒரு போட்டோ அனுப்புங்க. எல்லார்கிட்டயும் காட்டிப் போர்டை மாத்திடறேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "கேமராவை எடுத்துக்கிட்டு வாங்க. வேற ஒண்ணும் நீங்க செய்ய வேணாம்."

அடிவாரத்தில் இறங்கி டயர் டயராக உட்கார்ந்து காற்றை இறக்கினாள். புஸ்ஸென்று சத்தம் வந்தபோது எனக்கு எல்லாம் புரிந்தது. கீழே நின்று எடுக்கும்படிதான் அவள் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தை எடுத்தால்தான் படம் பேசும் என்று என் தொழில் புத்தி சொல்லியது. ஏறிக்கொண்டேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். வண்டி மூக்கைத் தூக்கியது. வானம் மட்டும் தெரிந்தது. கண்ணை மூடிவிட்டேன். விரல் மட்டும் பயத்தில் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது. வண்டி தவழ்ந்தது, தவழ்ந்தது, நின்றது.

"எடுத்தீகளா?" என்றாள். கண்ணைத் திறந்தேன். உச்சியில் இருந்தோம். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. மேலே நிற்க வைத்து இன்னொன்று எடுக்கலாம் என்று பார்த்தால் பிலிம் ரோல் தீர்ந்திருந்தது. "எல்லாம் எடுத்தாச்சு" என்றேன். இறங்கி அடிவாரத்துக்கு வந்ததும் என் சறுக்கலில் அடிபட்ட பின் அச்சு படாரென்று முறிந்தது. அந்த ஜீப் அதற்குப் பிறகு பாறை ஏறவேயில்லை.

பிலிமைக் கழுவிப் பார்த்தேன். வானம், வானம், என் கட்டைவிரல், என் முழங்கால், வண்டிக் கதவு, ஒன்றில் மட்டும் ஓரமாக ஈஸ்வரியின் காதுக் கம்மல். அதையும் அனுப்பிவைத்தேன். தாடிக்காரர் பதில் போடவில்லை, போர்டும் மாறவில்லை. வெறும் கம்மல் எந்தப் பாறையிலும் ஏறியிருக்கலாம் அல்லவா?

இப்போதும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் அந்தப் பேச்சு வரும். "நான் ஏத்துனேன்" என்பாள் ஈஸ்வரி. "நெசமாவா?" என்று சிரிப்பார்கள். "இவுகளக் கேளுங்க, பக்கத்துலதான இருந்தாக" என்பாள். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். "பாத்தேன்" என்பேன். உடனே என் மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "நானும் பாத்தேன், நானும் பாத்தேன்" என்று கையை நீட்டித் தடவிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வருவாள். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். ஈஸ்வரி மட்டும் சிரிக்க மாட்டாள். அடுப்பில் தோசை கருகுகிறது என்று எழுந்து போய்விடுவாள்.