முந்திக்கொண்ட நன்றிப் பூசை

மொரப்பூர்,
புதன்கிழமை காலை

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மா சகாயராணி அவர்களுக்கு, உங்கள் மகள் ஷைனியின் மாமனார் சவரிராயன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரி மதலேனம்மாளும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு என்ன என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதாசி என்று நினைப்பீர்கள். போனில் நான் "சம்பந்தியம்மா" என்று ஆரம்பித்ததுமே நீங்கள் "ரொம்ப சந்தோசம்ங்க" என்று அழ ஆரம்பித்துவிடுகிறீர்கள். நீங்கள் அழுதால் எனக்கும் அழுகை வருகிறது. நான் அழுதால் மதலேனம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டு, என்ன ஏது என்று தெரியாமலே அவள் பங்குக்கு அழுகிறாள். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகிறது. அதனால் எழுதி, காரிமங்கலம் பஸ் கண்டக்டர் சென்னப்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மையில்லை சம்பந்தியம்மா. ஷைனி முழுகாமல் இல்லை. அந்தச் சேதியை ஊருக்கெல்லாம் சொன்னது எங்கள் கோயில் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிக்கு எடுத்துக் கொடுத்தது நான்.

நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். சோற்றைக் குறை, சர்க்கரையை விடு, தினமும் நட, மாத்திரையை நிறுத்தாதே என்று தர்மபுரி டாக்டரம்மா சொன்னதும் தெரியும். அவள் தனியாக நடந்தால் பார்க்கிறவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று நானும் கூடவே நடக்க ஆரம்பித்தேன். அவள் மட்டும் களி சாப்பிட்டால் ஏங்கிப் போவாள் என்று மதலேனம்மாள் வீடு முழுக்க ராகிக் களிக்கு மாற்றினாள். இதில் என்ன ஆயிற்று என்றால், எனக்கு இடுப்பில் வேட்டி நிற்க மாட்டேன் என்கிறது, மதலேனம்மாளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, எங்கள் பின்னால் வாலாட்டிக்கொண்டு வந்த தெருநாய்கூட இளைத்துவிட்டது, அவளுக்கு மட்டும் எடை மிஷினில் முள் அசையவில்லை. டாக்டரம்மாவிடம் நான்தான் குறைப்பட்டுக்கொண்டேன். "இந்த நோய்ல இளைக்கிறது லேசுல நடக்காதுங்க ஐயா. அவங்க சரியாத்தான் செய்யறாங்க" என்றார். ஷைனி அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தாள். சரியாகத்தான் செய்கிறாய் என்று அதுவரை யாருமே அவளிடம் சொன்னதில்லை போல.

இப்படி இருக்கையில் போன வாரம் மதலேனம்மாள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "ஏங்க, புள்ளைக்கு ரெண்டு மாசமாத் தள்ளிப் போயிருக்குதுங்க. நேத்து மீன் கொழம்பும் வேணாம்னுட்டா" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மருமகளிடம் மாமனார் இதை எப்படிக் கேட்பது? மகன் ஃபிராங்க்ளினிடம் கேட்கலாம் என்றால் அவன் ஓசூர் கம்பெனியில் இருக்கிறான், சனிக்கிழமைதான் வருவான். ஆகவே நேராக ஆண்டவரிடமே பேசிவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

உபதேசியார் ஆண்டோ இருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை எங்கள் குடும்பக் கருத்துக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றேன். "வேண்டுதலுங்களா பெரியப்பா, நன்றிங்களா?" என்று கேட்டான். அந்த இடத்தில்தான் நான் கெட்டேன். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனையோ வேண்டுதல் பூசை கொடுத்தாகிவிட்டது. கேட்டுக் கேட்டு ஆண்டவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரே ஒரு தடவை நன்றி என்று சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது சம்பந்தியம்மா. "நன்றி" என்றேன். எதற்கு என்று அவன் கேட்டதற்கு, மருமகள் விஷயத்தையும் சொல்லிவைத்தேன்.

குடும்ப நன்றி என்று பொதுப்படையாக வாசிப்பான் என்று நினைத்தேன். ஆண்டோ முறையாகச் செய்கிறவன். பூசை ஆரம்பத்தில் மைக்கைப் பிடித்து, "சவரிராயன் மதலேனம்மாள் குடும்பத்தில், மருமகள் ஷைனிக்குக் குழந்தை வரம் தந்த இறைவனுக்கு நன்றியாக" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தான். பூசைக்கு வராமல் வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. பெண்கள் பக்கம் மொத்தமும் ஷைனியைத் திரும்பிப் பார்த்தது. ஃபிராங்க்ளின் என் பக்கம் சாய்ந்து, "அப்பா, நம்ம ஷைனியா?" என்றான். பெற்றவனுக்குத் தெரியாமல் பிள்ளை வந்த முதல் குடும்பம் நம் குடும்பமாகத்தான் இருக்கும். ஷைனி யாரையும் பார்க்கவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து நின்று சத்தமாகப் பாடினாள்.

வீட்டுக்கு வந்து எனக்குக் களி வைத்தாள். குழம்பு ஊற்றினாள். நான் தலையைத் தூக்கவில்லை. அவளே சொன்னாள்: "மாமா, நான் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன், ஒண்ணுமில்லீங்க. எனக்குத் தள்ளிப் போறதுதாங்க நோவே. ஒவ்வொரு தடவ தள்ளிப் போறப்பயும் நானும் இப்பிடித்தான் நெனச்சிக்குவேன். இந்த தடவ நீங்களும் நெனச்சிட்டீங்க, அவ்ளோதான். சாப்புடுங்க." அவள் என்னைத் தேற்றுகிறாள் பாருங்கள். அவமானத்தைவிட, இத்தனை நாள் மாதாமாதம் அந்த ஆசையையும் ஏமாற்றத்தையும் அவள் தனியாகவே சுமந்திருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதோடு முடிந்ததா? திங்கட்கிழமை பால் சொசைட்டிக்கு வேலைக்குப் போனவளுக்கு, நாற்காலியில் தலையணை போட்டு வைத்திருந்தார்களாம். பால் ஊற்ற வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கன்னத்தைத் தடவிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேனைத் தூக்கப் போனால், "அய்யய்யோ, வுடு கண்ணு" என்று பிடுங்கிக்கொள்கிறார்களாம். எதிர்வீட்டு ராமக்காள், அவள் தம்பி வத்தல்மலையிலிருந்து கொண்டுவந்த தேனை எங்கள் வாசலில் வைத்து, "எங்க சாமிக்கும் நேந்துக்கிட்டேன், உங்க சாமி கோவிச்சுக்காதில்ல?" என்று கேட்டாள். ஓசூரில் ஃபிராங்க்ளினுக்கு அவன் கூட்டாளிகள் கேக் வெட்டி முகத்தில் பூசியிருக்கிறார்கள், அந்தப் பயல் இல்லையென்று சொல்ல வாய் வராமல் தின்றுவிட்டு வந்திருக்கிறான். தச்சர் மாதப்பன் தொட்டில் கட்ட விட்டத்தை அளக்க வேண்டும் என்று டேப்போடு வந்து நின்றார். அவரை அனுப்புவதற்குள், விட்டத்தில் கரையான் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அது ஒன்றுதான் இந்தக் கூத்தில் எங்களுக்குக் கிடைத்த லாபம்.

சரி, கெடுத்தது நான், சரி செய்வதும் நான் என்று மறுபடி ஆண்டோவிடம் போனேன். அடுத்த ஞாயிறு மைக்கில் திருத்திச் சொல்லிவிடு என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "நன்றிய எப்பிடிங்க பெரியப்பா வாபஸ் வாங்கறது? ஃபாதர் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றான். ஷைனிதான், "வுட்டுடுங்க மாமா, மறுபடி மைக்குல என் பேரு வேணாம்" என்றாள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். வெள்ளிக்கிழமை பலகாரக் கூடைகளோடும் உங்கள் தெருப் பெண்களோடும் வேன் பிடித்து வருவதாகச் சொன்னீர்கள். கையைப் பிடித்துக் கேட்கிறேன், வராதீர்கள். ஊருக்கெல்லாம் இல்லை இல்லை என்று சொல்லிக் களைத்துப்போனவள் உங்கள் முகத்தைப் பார்த்தும் இல்லை என்று சொல்ல வேண்டும். அதை அவள் தாங்க மாட்டாள் என்று பயமாக இருக்கிறது. உங்கள் போனை எடுக்காமல் டவர் இல்லை என்று சாக்குச் சொல்வதும் அதனால்தான். ஒரு மாதம் போகட்டும். அவள் சிரிக்க ஆரம்பித்ததும் நானே வந்து அழைக்கிறேன். அதுவரை மருந்து பற்றியோ மாதம் பற்றியோ அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் ஷைனி இந்த வீட்டுப் பெண். இதில் என் மனைவிக்கும் மாற்று எண்ணம் இல்லை. என் மகனுக்கு இருந்தால் அவனை ஓசூரிலேயே இருக்கச் சொல்லிவிடுவேன், அவள் இங்கே இருப்பாள்.

மாதா உங்களுக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும். மதலேனம்மாள் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அவள் இப்போதும் அழுதுகொண்டுதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
சவரிராயன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஷைனி வந்து கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. நின்றபடியே முழுவதும் படித்தாள். "அம்மாவ எதுக்கு மாமா வர வேணாங்கறீங்க?" என்றாள். நீ அழுதுவிடுவாய் என்று பயமாக இருக்கிறது அம்மா என்றேன். "அழுவத்தான் மாமா அம்மா வேணும். இந்த வூட்டுல நான் அழுவலாம்னு ஒக்காந்தா, எனக்கு முன்னாடி நீங்க அழுவறீங்க, அத்தை அழுவறாங்க, அவரும் அழுவறாரு. எல்லாருக்கும் தண்ணி மோந்து குடுக்கறதுக்கே எனக்கு நேரம் சரியாப் போவுது" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள். வெள்ளி வரைகூட வேண்டாம், இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பி வாருங்கள். வேன் வேண்டாம், தெருப் பெண்கள் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். ஃபிராங்க்ளின் லீவு சொல்லிவிட்டு இங்கேதான் இருக்கிறான். அவனையும் மதலேனம்மாளையும் கூட்டிக்கொண்டு நான் ஒகேனக்கல் போய்விடுகிறேன், இருட்டிய பிறகுதான் திரும்புவோம். கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். உள்ளே உங்கள் மகள் மட்டும் இருப்பாள்.