நஞ்சப்பனின் மோர் ஆராய்ச்சி

இக்கதையைக் கேட்பவர் மூன்று செய்திகளை முன்னதாக அறிந்திருத்தல் வேண்டும். டெக்சஸ் மாநிலத்துக் காப்பெல் நகரில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா மே மாத வெயிலில்தான் நடைபெறும். அவ்விழாவில் முந்நூறு பேருக்கு மோர் கலக்கி ஊற்றும் பொறுப்பு ஆறாண்டுகளாக நஞ்சப்பனின் தலையிலேயே விழுந்து வந்தது. யாருக்கு எந்த வேலை என்று பட்டியல் எழுதுபவரோ அவர் மனைவி மரகதம். இவ்வாண்டு மோர்ப் பானையைத் தொடுவதில்லை என்று நஞ்சப்பன் சபதம் செய்திருந்தார்.

தப்பிக்கும் வழி பக்கத்து வீட்டு வேலியில் தொங்கியது. சுவீடன் நாட்டவரான கெர்ஸ்டின், அன்னையர் தினத்துக்குப் பிள்ளைகள் தந்த பூந்தொட்டியை அங்கே மாட்டியிருந்தார். அதில் ரோமன் எழுத்தில் ‘மோர்’ என்றிருந்தது. அவர்கள் மொழியில் அம்மா என்று பொருளாம்.

நஞ்சப்பன் அன்று அலுவலக வேலையைத் தொடாமல், ‘மோர்’ எந்தெந்த நாட்டில் என்ன பொருள் தருகிறது என்று இணையத்தில் தேடினார். மாலையில் சமையலறைக்குள் நுழைந்தபோது நாலு நாட்டை வென்றவரைப் போல் நுழைந்தார்.

“அம்மிணி, சுவீடன்ல மோருன்னா அம்மா. வேல்ஸ்ல கடல். ஹிந்தில மயில். துருக்கில ஊதா கலர். அத்தனையும் நம்ம மோர்ல இருந்து போனதுதான்!”

பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் மரகதம் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“கடல் எப்படிங்க மோராச்சு?”

“பாற்கடலைக் கடைஞ்சாங்கல்ல? கடைஞ்சா என்ன வரும்?”

“அமுதம்னு கேள்விப்பட்டேன்.”

“அது மேல வந்தது. அடில மிஞ்சினது?”

“செரி. ஊதா?”

“மோர்ல பீட்ரூட் போட்டுப் பாரு.”

“மயிலு?”

“அது... ரிசர்ச் போயிட்டிருக்கு.”

“கெர்ஸ்டின்கிட்ட போன வருசமே கேட்டனுங்க. அவங்க அதை மூர்னுதான் சொல்றாங்க. மொதல்ல மூதெர்னு இருந்து, நடுவுல இருந்த ‘தெ’ தேஞ்சு போச்சாம். நம்ம மோர்ல ‘தெ’ எங்கீங்க?”

“தயிர்ல ‘த’ இருக்குதல்ல? கடையறப்ப உதிர்ந்திருச்சு!”

மரகதம் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அதைத் தம் வெற்றி என்றே நஞ்சப்பன் கொண்டார்.

“மேடைல இதைப் பேசப் போறேன். மோருக்கு வேற ஆளைப் பாரு.”

“பாத்தாச்சுங்க. மயில்சாமி அண்ணன். மேடைல உங்களுக்கு ஒன்னே முக்காலுக்கு டைம் ஒதுக்கறேன்.”

“சாப்பாட்டு டைம்லயா? ஒருத்தனும் இருக்க மாட்டானே!”

“ஆமாங்க, அத்தனை பேரும் மோர்ப் பந்தல் க்யூல நிப்பாங்க. மயில்சாமி அண்ணனும் மோரைப் பத்தி நாலு வார்த்தை பேசறன்னாரு.”

தம் ஆராய்ச்சியை இன்னொருவர் தம்ளரில் ஊற்றிக் கொடுப்பதா?

“பந்தலை எனக்குக் குடு.”

“முடியாதுங்க.”

“அம்மிணி, கெஞ்சிக் கேக்கறேன்.”

“எழுதிக் குடுங்க, கமிட்டில கேட்டுப் பாக்கறேன். வருசா வருசம்னு போடுங்க. ஒரு தடவைக்குன்னா கமிட்டித் தலைவர் சேனாபதி அங்கிள் ஆளை மாத்த மாட்டாரு.”

எழுதினார். கையெழுத்திட்டார். வென்றார்.

விழாவன்று வெயில் நூறு டிகிரியைத் தாண்டியது. கரண்டிக்கு ஒரு நாடாக நஞ்சப்பன் உலகத்தை ஊற்றித் தீர்த்தார். வரிசை நகரவில்லை, தலைகள் ஆடின. “அங்கிள், ஊதா மட்டும் புரியல. இன்னொரு கப் ஊத்திட்டு மறுபடி சொல்லுங்க!” என்று கேட்டவர்களே பலர். மேடையில் பேசிய எவருக்கும் அத்தகைய கூட்டம் வாய்க்கவில்லை. மாலையில் மோர் தெறித்த சட்டையுடன் அவர் கார் ஓட்டி வந்த மிடுக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

பின்னர் உறுதியான செய்திகள் இவை. சுவீடிஷ் அம்மாவுக்கும் தமிழ் மோருக்கும் உறவில்லை. ஹிந்தி மயில், வடமொழி மயூரத்தின் பிள்ளை. வேல்ஸ் கடலை எவரும் கடையவில்லை. துருக்கிய ஊதாவைப் பற்றி நஞ்சப்பன் இன்னும் தேடுகிறார். வருடா வருடம் மோர் ஊற்றுவதாக அவர் எழுதிய கடிதம், கமிட்டிக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

மயில்சாமி ஏப்ரல் முதலே கோயம்புத்தூரில் இருக்கிறார். பட்டியலில் அவர் பெயர் எழுதப்படவே இல்லை.